பிடித்ததை விடச் சொன்னவர்

எங்கள் கோயில் பங்கில் அவரைப் புனிதர் என்று சொல்லாதவன் நான் ஒருவன்தான். அவர் போய் இரண்டு தவக்காலம் ஆகிவிட்டது. அடக்கப் பூசையில் பங்குத்தந்தை இருபது நிமிடம் பேசினார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெட்டியே தெரியாத அளவுக்கு மாலைகள் குவிந்து கிடந்தன. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலைப் பக்கம் எங்கள் தெருவில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லி உடம்பு. முழங்கால் போட்டுப் போட்டு இரண்டு முட்டியும் காய்த்துக் கறுத்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டும்போதெல்லாம் அந்த முட்டிகள் நம்மைக் குற்றம் சொல்வது போல எனக்குத் தோன்றும்.

எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும் சேர்ந்தது எங்கள் அன்பியம். முப்பத்து நான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள். வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வோம். அதற்கு அவர்தான் தலைவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேறு ஆளைப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. போட்டியிட ஒருவனும் முன்வரவில்லை. நிற்கிறவன் அவரைவிட அதிகம் பட்டினி கிடக்க வேண்டுமே, யாரால் முடியும்?

என் கடை கோயில் வாசலுக்கு எதிரே. ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலையில் கடையைத் திறக்கும்போதே அவர் நின்றுகொண்டிருப்பார். கையில் கோடு போட்ட தாள். முப்பத்து நான்கு குடும்பத் தலைவர்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வீட்டார் நாற்பது நாள் விட வேண்டிய பொருள். தவக்காலத்தில் அவரவருக்குத் தோன்றியதை அவரவர் விடுவதுதான் ஊரெங்கும் வழக்கம். எங்கள் அன்பியத்தில் மட்டும் அவர் தேர்ந்து கொடுப்பார். அதை நானே டைப் அடித்து, முப்பத்து நான்கு காப்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். என் பெயருக்கு எதிரே 'டீ' என்றிருக்கும்.

"அண்ணே, நான் வெத்தலை பாக்கை விட்டுர்றேனே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ எங்கடா வெத்தலை போடுற?"

"அதனாலதாண்ணே கேக்குறேன்."

சிரிக்க மாட்டார். "பிடிக்காததை விடுறது தவம் இல்ல சேவியர். பாகற்காயை எவன் வேணாலும் விடுவான். எது இல்லேன்னா உனக்குப் பொழுது விடியாதோ அதை விடு. ஆண்டவருக்கு அதுதான் வேணும்."

யாருக்கு எது உயிர் என்பதை மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். எதிர்வீட்டு மார்த்தா அக்காவுக்கு மாலை சீரியல். அவள் மாமியாருக்கு மூக்குப்பொடி. கைலாசபுரத்துக்கு வேலைக்குப் போய்வந்த வின்சென்ட்டுக்குக் கருவாடு. வின்சென்ட் துணிந்து வாயைத் திறந்தான். "தவக்காலத்துல மீன் சாப்பிடலாம்னு திருச்சபையே சொல்லுதுண்ணே" என்றான். "திருச்சபைக்கு உன் நாக்கைத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார். வின்சென்ட்டின் பெயருக்கு எதிரே கருவாடு அப்படியே நின்றது.

இதனால் விளைந்த பக்தியைச் சொல்கிறேன். நாற்பது நாளும் எங்கள் தெருவில் ஒருவரும் ஒருவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீ இல்லாத தலைவலியில் நான் வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுவேன். பொடி இல்லாத கிழவி மருமகளைக் கரித்துக்கொட்டுவாள். சீரியல் இல்லாத மருமகள் திருப்பிக் கொடுப்பாள். வருடம் முழுவதும் நடக்கிற குழாயடிச் சண்டையில் பாதி தவக்காலத்தில் நடக்கும். அன்பியம் என்று பெயர் வைத்தவர் அப்போது எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் பெயரை மாற்றியிருப்பார்.

வெள்ளிக்கிழமைக் கஞ்சியைச் சொல்லாமல் விட முடியாது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உள்ள வழக்கம். பிடி அரிசி என்போம். அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி, சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து குடிப்போம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஃபோர்மேன் அடுப்படிக்கே வந்துவிடுவார். "அளந்த அரிசியிலேருந்து எடுக்கிறியா, இல்ல ஒரு பிடி கூடப் போட்டு எடுக்கிறியாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள் விவரம் தெரியாமல், "கூடப் போட்டுத்தாண்ணே, இல்லேன்னா சோறு பத்தாதே" என்றாள். "பத்தாம இருக்கணும்மா. கூடப் போட்டு எடுத்தா அது தானம். குறைச்சு எடுத்தாத்தான் தவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் அரை வயிற்றோடு எழுந்தாள். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வீடு அரிசி வேறு. ரேஷன் அரிசியும் வரும், மண்ணச்சநல்லூர்ப் பொன்னியும் வரும். இரண்டையும் ஒரே அண்டாவில் கொட்டுவார். பொன்னி குழைந்து பசையாகும்போது ரேஷன் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். "தனித்தனியா வடிச்சுக் கலந்துக்கலாம்ணே" என்று மார்த்தா அக்கா சொல்லிப் பார்த்தாள். "தனித்தனியா பொங்குனா அது ஒரு குடும்பமாம்மா? சகோதரத்துவம்னா ஒரே அண்டாதான்" என்றார். துவையல் கிடையாது, ஊறுகாய் கிடையாது. துவையல் வைத்தால் அது விருந்தாகிவிடுமாம். சகோதரத்துவத்தை நாங்கள் நறநறவென்று மென்று விழுங்கினோம்.

எல்லோரும் குடித்து முடித்த பிறகு அவர் அண்டாவின் அடியில் தீய்ந்து ஒட்டியிருப்பதைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். வேறு எதுவும் அவர் வயிற்றுக்குள் போகாது. நான் ஒளிந்து நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். எங்கேயாவது டீக்கடையில், எங்கேயாவது சந்துமுனை பரோட்டாக் கடையில் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று மூன்று வருடம் அலைந்தேன். சிக்கவில்லை. கள்ளச்சாமியாராக இருந்திருந்தால் மன்னித்துவிட்டிருப்பேன். உண்மையாகவே பட்டினி கிடக்கிறவனை எதைச் சொல்லித் திட்டுவது?

என் மகள் தவக்காலத்தில் பிறந்து தொலைத்தவள். அவளுடைய ஏழாவது பிறந்த நாளுக்கு ஒரு சின்ன கேக் வாங்கி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர். மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "பாப்பா, இயேசப்பா நாப்பது நாள் ஒண்ணும் சாப்பிடாம இருந்தாருல்ல. அவருக்காக இதை ஈஸ்டர் வரைக்கும் தள்ளி வச்சுக்குவமா?" என்று குழைவாகத்தான் கேட்டார். குழந்தை மெழுகுவர்த்தியை ஊதாமல் அழ ஆரம்பித்தாள். ஈஸ்டருக்கு மறுநாள் அவரே பஸ் ஏறி டவுனுக்குப் போய், அதைவிடப் பெரிய கேக்காக வாங்கிக்கொண்டு வந்தார். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஈஸ்டருக்குத் தருகிறேன் என்றார், தந்தார். அவர் கணக்கில் அது சரியாகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் தெருப் பொல்லாப்பு. இவற்றுக்காக ஒரு மனிதனைச் செத்த பிறகும் வெறுக்க வேண்டியதில்லை. நான் வெறுப்பது லூர்துவுக்காக.

லூர்து அவருடைய தம்பி. பதினேழு வயது சின்னவன். என்னோடு படித்தவன். லூர்துவுக்கு ஐந்து வயது ஆவதற்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அண்ணன்தான் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு ஊட்டி வளர்த்தார். தம்பிக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். பணிமனைக்குப் போகும் வழியில் சைக்கிளின் முன்பாரில் அவனையும் பின்னால் என்னையும் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். லூர்து வகுப்புக்குள் போகும்வரை சைக்கிளைத் திருப்ப மாட்டார். இதை நான் பார்த்தவன். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

லூர்து கல்யாண மண்டபங்களுக்கு லைட் போடும் எலெக்ட்ரீஷியன் ஆனான். ஸ்ரீரங்கத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள் செண்பகத்தை மண்டபத்திலேயே பார்த்துப் பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டான். இந்துப் பெண். சாட்சிக் கையெழுத்து போட்டவன் நான். அம்மாமண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் குடி போனான். அன்றோடு ஃபோர்மேன் தம்பியுடன் பேச்சை நிறுத்தினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லூர்து பாலம் தாண்டி வந்து வாசலில் நிற்பான். இவர் எழுந்து உள்ளே போய்விடுவார். பதினெட்டு வருடம். இந்துப் பெண்ணைக் கட்டிய கோபம் என்று தெருவே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எனக்குப் புரிகிற கோபம், அதைத் திட்ட என்னிடம் வார்த்தையும் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் தவக்காலத்தின் ஐந்தாவது வாரம் செண்பகம் போன் செய்து கூப்பிட்டாள். போனேன். லூர்துவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கட்டிலில் கிடந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணனை ஒரு தடவை பாக்கணும்டா சேவியர்" என்றான். "திட்டட்டும். வந்து நல்லாத் திட்டிட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

வெளியே வந்தபோது செண்பகம் சொன்னாள்: "ரெண்டு வாரம் தாங்குனா பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. தூக்கத்துலகூட அண்ணே அண்ணேங்கிறாரு. எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

நேராக ஃபோர்மேன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மணி செபம் முடித்து எழுந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் ஓடியது. சரி, கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு அவன் மேல கோபம்னு நினைச்சியா சேவியர்?" என்றார். "உலகத்துல எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அவன்தான். அவன் கோயிலுக்குத் திரும்பி வரணும்னு அவனைத்தான் விட்டேன். கல்யாணம் பண்ண வருஷம் தவக்காலத்துல, நாப்பது நாள் அவன்கூடப் பேச மாட்டேன்னு நேர்ந்துக்கிட்டேன். ஈஸ்டர் வந்துச்சு, அவன் வரல. அடுத்த வருஷத்துக்கு நீட்டினேன். அப்புறம் அதுக்கடுத்த வருஷம். அதைவிடப் பெருசா ஆண்டவருக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லடா."

மதவெறி பிடித்த மனிதரைப் பார்த்துப் பேச வந்தவனுக்கு, இப்படி ஒரு பதில் வரும் என்று தெரியாது.

"நீங்க உங்களுக்குப் பிடிச்சதை விட்டீங்க, சரி. அவனுக்குப் பிடிச்ச அண்ணனைப் பிடுங்குனீங்களே, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவரைக் கையோடு பங்குத்தந்தையிடம் இழுத்துப் போனேன். அப்போது இருந்தவர் இளைஞர், நல்லவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி நேர்ச்சைக்கு விலக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்குங்க. இப்பவே குடுத்துட்டேன். இந்த நிமிஷம் கிளம்பிப் போங்க" என்றார்.

ஃபோர்மேன் கைகூப்பிக்கொண்டு நின்றார். "விலக்கு வாங்கிக்கிட்டுச் செஞ்சா அது தவமா சாமி? பதினெட்டு வருஷம் இருந்துட்டேன். தவக்காலத்து நடுவுல முறிச்சா அத்தனையும் வீணாப் போயிரும். இந்த வருஷத்தோட முடிச்சுக்கறேன். ஈஸ்டர் அன்னைக்குக் காலையில போயிர்றேன்."

"அதுவரைக்கும் அவர் இருக்கணுமேங்க" என்றார் சாமியார்.

"ஆண்டவர் இருக்க வைப்பாரு."

ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் தினமும் போய்க் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நின்று கேவலமாகக்கூடக் கத்தினேன். அவர் அசையவில்லை. அங்கே லூர்துவிடம், "ஈஸ்டர் அன்னைக்கு வர்றாருடா" என்று சொன்னேன். அவன் விரலை மடக்கி நாள் எண்ணினான்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லூர்துவின் மகன் போன் செய்தான். "மாமா, அப்பா போயிட்டாரு." அவ்வளவுதான் பேச முடிந்தது அவனால்.

பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் வரை ஃபோர்மேன் வாய் பேச மாட்டார். செல்போனை அணைத்துப் பீரோவில் வைத்துவிடுவார். ஆகவே அவருக்கு நேரில் போய்ச் சொன்னால்தான் உண்டு. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் வாசலில் அவர் விளக்குமாற்றோடு பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். நான் எங்கே போகிறேன் என்று ஊகித்திருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒற்றை விரலைக் காட்டினார். இன்னும் ஒரு நாள்தான் என்று அர்த்தம்.

நிறுத்தியிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. இரண்டு வார்த்தை போதும். ஏறி உட்கார்ந்திருப்பார், தம்பியின் முகத்தையாவது பார்த்திருப்பார். பன்னிரண்டு நாள் அவன் காத்துக் கிடந்தான், இப்போது முகம் பார்க்கிற உரிமை மட்டும் உனக்கு எதற்கு என்று தோன்றியது. தலையை ஆட்டிவிட்டு வண்டியை விரட்டினேன்.

செண்பகம் முதலில் கேட்டதே அதைத்தான். "அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா" என்றேன்.

அவர் வருவார் என்று மூன்று மணி வரை உடலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். வெயில் ஏற ஏற அவளுடைய உறவினர்கள் முணுமுணுத்தார்கள். சந்தில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய் எரித்தோம்.

ஈஸ்டர் அன்று காலை எட்டு மணிக்கு ஃபோர்மேன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். வெளுத்த வேட்டி, புதுச் சட்டை, கையில் தூக்குச்சட்டி. "வா போவோம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியை எடுத்தேன். தூக்கிலிருந்து கறிக்குழம்பு வாசம் வந்துகொண்டே இருந்தது.

"நான் இன்னும் வாயில ஒண்ணும் வைக்கலடா" என்று என் காதுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தார். "அவன்கூடத்தான் நோன்பு விடணும். அவனால கறி திங்க முடியாதுன்னு தெரியும். குழம்பை ரெண்டு சொட்டு நாக்குல வைப்போம். என்ன பேசுறதுன்னுதான் தெரியல. முதல்ல என்ன சொல்லுறது சேவியர், நீ சொல்லு." காவிரிப் பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டார். கீழே மணல்தான் கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவர் மாலை போட்ட படத்தையும் அதன் முன்னால் எரிந்த விளக்கையும் பார்த்தபடி நின்றுவிட்டார். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. செண்பகம் எழுந்திருக்கவில்லை.

"நேத்து மூணு மணி வரைக்கும் பார்த்தோம்" என்றாள். "சேவியர் அண்ணன் காலையிலயே சொல்லிட்டேன்னாரு. அப்பவும் உங்களுக்கு வர மனசு வரலையா? அண்ணன் வர்றாருன்னு வெள்ளிக்கிழமை முகத்தை வழிச்சுவிடச் சொன்னாருங்க. இந்த மூஞ்சியோட அண்ணன் பாத்தா பயந்துருவாருன்னு சொன்னாருங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இவன் சொல்லவே இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் நான் அதன் பிறகு காலடி வைத்திருக்க முடியாது.

"சொன்னாம்மா" என்றார் அவர். "இவன் வந்து சொன்னான். நான்தான் வரல."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இனிமே வந்து என்ன" என்றாள் செண்பகம். "அந்தத் தூக்கை எடுத்துட்டுப் போங்க. காரியம் முடியிற வரைக்கும் இந்த வீட்ல கறி ஆகாது."

எடுத்துக்கொண்டார். வெளியே வந்து வண்டியில் ஏறவில்லை. தூக்குச்சட்டியோடு பாலத்தின் மேல் நடந்து போனார். நான் வண்டியில் அவரைத் தாண்டிப் போனேன்.

அப்போதாவது மனம் இளகியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. முன்னைவிட அதிகமாக வெறுத்தேன். மனிதன் என்றால் திட்ட வேண்டும். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பத்து வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன், இரண்டு பேருக்கும் பாரம் இறங்கியிருக்கும். அதையும் விட்டுவிட்டார். மறு வருடம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வழக்கம் போலக் கடைக்கு வந்து தாளை நீட்டினார். என் பெயருக்கு எதிரே டீ இருந்தது. நான் டைப் அடித்துக் கொடுத்தேன். இறக்கும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மெலிந்துகொண்டே போனார், அவ்வளவுதான்.

அடக்கப் பூசையில் புதிதாக மாறி வந்திருந்த பங்குத்தந்தை இதையும் எடுத்துப் பேசினார். உடன்பிறந்த தம்பி இறந்தபோதுகூட ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை முறிக்காத மனிதராம். கூட்டம் உச்சுக்கொட்டியது. எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த உண்மையைக் கத்தினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் ஆகும் என்று உட்கார்ந்துகொண்டேன்.

இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க மருங்காபுரிப் பக்கமிருந்து ஒரு வெளியூர்ச் சாமியார் வந்திருந்தார். நம்மைத் தெரியாதவர், நல்லதாயிற்று என்று வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. முழங்காலிட்டு, "சாமி, எங்க பங்குல ஒருத்தர் இருந்தாரு" என்று ஆரம்பித்தேன். அன்பியம், கஞ்சி, கேக், லூர்து, நேர்ச்சை என்று வரிசையாகச் சொன்னேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று அவர் சொன்ன இடத்தில் நான் நிறுத்தினேன்.

"அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரை ஆண்டவர் பாத்துக்குவாருங்க" என்றார் சாமியார். "அது அவரோட பாவம். நீங்க என்ன செஞ்சீங்க?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். சாமியார் காத்திருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

சொல்லாமல் மறைத்த பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஈஸ்டர் பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். எங்கள் பெஞ்சு முழுவதும் காலியானது. மனைவி இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்து, "என்னங்க, வரலையா?" என்றாள்.

"நீ போ" என்றேன்.